மதம் கேட்டு அனுப்பினார்கள், மொழி கேட்டு ஒதுக்கினார்கள்

துருக்கியின் மேற்குக் கரையில், ஆலிவ் தோப்புகள் நிறைந்த அய்வலிக் பக்கம் ஒரு பழைய கிண்டல் உண்டு. ஒருவரின் வயலில் ஒரு மாடும் ஒரு கிரீட்காரனும் புகுந்துவிட்டார்களாம். வேலையாள் மூச்சிரைக்க ஓடிவந்து சொல்ல, நிலத்துக்காரர் பதறிப்போய், "மாட்டை விடுடா, அதுக்கு வயிறு நிறைஞ்சா தானே போயிடும். முதல்ல அந்தக் கிரீட்காரனைத் துரத்து!" என்றாராம். வரப்போரம் முளைக்கிற காட்டுக்கீரை ஒன்றைக்கூட விடாமல் பறித்து, ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுகிறவர்கள் என்று கிரீஸின் கிரீட் தீவிலிருந்து வந்தவர்களைப் பற்றிய நக்கல் இது. இன்று அதே கீரைகள் அந்தக் கடற்கரை உணவகங்களில் நல்ல விலைக்குப் போகின்றன என்பது வேறு கதை.

அந்தக் கிரீட்காரர்கள் முஸ்லிம்கள். முஸ்லிம்கள் என்பதால்தான் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் கப்பலிலிருந்து இறங்கியபோது அவர்களில் பெரும்பாலோருக்குத் துருக்கி மொழி தெரியாது. தாலாட்டியது, பேரம் பேசியது, சண்டை போட்டது எல்லாமே கிரேக்கத்தில். ஏறத்தாழ அதே மாதங்களில், துருக்கியின் நடுப்பகுதியான கப்படோக்கியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் எதிர்த்திசையில், கிரீஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்குக் கிரேக்கம் தெரியாது. தெரிந்ததெல்லாம் துருக்கி மொழி மட்டும்தான்.

ஒரு சமூகத்தைச் சிறுபான்மை என்று சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறோம்? மொழியை வைத்தா, மதத்தை வைத்தா? இந்தக் கேள்விக்கு அந்த மக்களே பதில் சொல்வதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் பதிலை எழுதுவது அரசாங்கத்தின் பதிவேடு. எந்தக் காலத்தில் அந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டம் அச்சடிக்கப்பட்டிருந்தது என்பதே ஒருவர் யார் என்பதை முடிவு செய்துவிடுகிறது. இதற்குக் கிரீஸும் துருக்கியும் 1923-இல் செய்த காரியத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒப்பந்தம் கேட்ட ஒரே கேள்வி

1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் முதல் பிரிவே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. துருக்கி மண்ணில் குடியிருக்கும், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மதத்தைச் சேர்ந்த துருக்கிக் குடிமக்களும், கிரேக்க மண்ணில் குடியிருக்கும், இஸ்லாமிய மதத்தைச் சேர்ந்த கிரேக்கக் குடிமக்களும் 1923 மே 1 முதல் கட்டாயமாகப் பரிமாறிக்கொள்ளப்படுவார்கள். அரசின் அனுமதியில்லாமல் யாரும் திரும்பி வந்து குடியேற முடியாது. விருப்பமா என்று கேட்கவில்லை. என்ன பேசுகிறாய் என்றும் கேட்கவில்லை. எந்த மதம் என்பது மட்டுமே கேள்வி.

இதற்குப் பின்னால் ஒரு போர் இருந்தது. 1919 மே மாதம் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில், இறங்கியது. மூன்றாண்டு சண்டைக்குப் பிறகு 1922 கோடையில் முஸ்தஃபா கெமாலின் படையிடம் தோற்றது. செப்டம்பரில் ஸ்மிர்னா பற்றி எரிந்தது. ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்பே லட்சக்கணக்கான ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் உடுத்திய துணியோடு கிரீஸுக்குத் தப்பியோடியிருந்தார்கள். ஆகவே லொசானில் நடந்ததில் பாதி, ஏற்கெனவே நடந்துவிட்டதற்குச் சட்டமுத்திரை குத்தும் வேலை. மீதிப் பாதிதான் கொடுமை: ஓடாமல் அவரவர் ஊரில் இருந்தவர்களையும் சேர்த்துக் கிளப்பினார்கள். கிரீஸிலிருந்த முஸ்லிம்கள் கிளப்பப்பட்டதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. வந்து குவிந்த அகதிகளுக்கு வீடும் நிலமும் வேண்டும். முஸ்லிம்கள் போனால் அவை காலியாகும்.

மொத்தத்தில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் கிரீஸுக்கு வந்தார்கள். முஸ்லிம்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் போனார்கள். அப்போது கிரீஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 50 லட்சம் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் கனம் தெரியும். மாநாட்டில் பிரிட்டன் தரப்பில் இருந்த கர்ஸன் பிரபு (ஆம், வங்காளத்தை இரண்டாகப் பிரித்த அதே கர்ஸன்தான்) இது மிக மோசமான தீர்வு, இதற்காக உலகம் நூறாண்டு கடும் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். சொல்லிவிட்டு ஒப்பேற்றவும் செய்தார்.

மொழியை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? முன்பு இந்தப் பகுதிகளை ஆண்ட உஸ்மானியப் பேரரசு தன் குடிமக்களை எண்ணி வைத்திருந்த முறையே காரணம். அங்கே மக்கள் 'மில்லத்' எனப்படும் மதச் சமூகங்களாகப் பகுக்கப்பட்டிருந்தார்கள். திருமணம், வாரிசுரிமை, பள்ளிக்கூடம் எல்லாம் அவரவர் மதத் தலைமையின் கையில். 'ரூம்' மில்லத்தில் கிரேக்கம் பேசியவரும் இருந்தார், துருக்கி பேசியவரும் இருந்தார், அரபு பேசியவரும் இருந்தார்; எல்லோரும் இஸ்தான்புல் ஆர்த்தடாக்ஸ் தலைமைகுருவுக்குக் கட்டுப்பட்டவர்கள். முஸ்லிம் பக்கத்தில் துருக்கியர், குர்துகள், அல்பேனியர், கிரேக்கம் பேசும் கிரீட்காரர் எல்லோரும் ஒரே கூட்டம். லொசானில் உட்கார்ந்தவர்கள் தேச அரசுகளைக் கட்ட வந்தவர்கள். ஆனால் கையிலிருந்த பேரேடு பேரரசு விட்டுப்போனது. ஒப்பந்தம் முடிந்து ஓராண்டு சொச்சத்தில், 1924 மார்ச்சில், கிலாஃபத்தையே ஒழித்துக்கட்டிய மதச்சார்பற்ற துருக்கிக் குடியரசு, தன் குடிமக்கள் யார் என்பதை முழுக்க முழுக்க மதத்தை வைத்தே பொறுக்கி எடுத்தது. இதில் இருக்கும் முரணை அன்றைய ஆட்சியாளர்கள் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை.

கிரேக்க எழுத்தில் அல்லாஹ்

கப்படோக்கியாவின் துருக்கி பேசும் ஆர்த்தடாக்ஸ் மக்களைக் கரமான்லிகள் என்பார்கள். மாதா கோயிலுக்குப் போவார்கள், சிலுவை போட்டுக்கொள்வார்கள், ஆனால் கடவுளை அழைப்பது 'அல்லாஹ்' என்று. துருக்கி மொழியில் கடவுளுக்கு அதுதானே சொல். அவர்கள் துருக்கி மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். வேதாகமம், புனிதர் வரலாறு, பிரெஞ்சுக் கதைகளின் மொழிபெயர்ப்பு என்று நூற்றுக்கணக்கான நூல்கள் இப்படி அச்சாயின. எவாங்கெலினோஸ் மிஸாய்லிதிஸ் என்பவர் இஸ்தான்புல்லிலிருந்து 'அனதோலி' என்ற பத்திரிகையை இந்த எழுத்தில் பல பத்தாண்டுகள் நடத்தினார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது. மொழி சுற்றியிருக்கும் ஊரினுடையது; எழுத்து வேதத்தினுடையது. தொழுகைக்கூடம் எந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறதோ அதைக் கொண்டே வீட்டுப் பேச்சையும் எழுதிக்கொள்வது உலகெங்கும் இருக்கும் வழக்கம்தான்.

இவர்களை இரு பக்கத்து அறிஞர்களும் சொந்தம் கொண்டாடினார்கள். கிரேக்கர்கள் சொன்னது: இவர்கள் மொழியை இழந்த கிரேக்கர்கள். துருக்கியர்கள் சொன்னது: இவர்கள் கிறிஸ்தவம் ஏற்ற துருக்கியர்கள். அந்த மக்களிடம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பாப்பா எஃப்திம் என்ற பாதிரியார் துருக்கி தேசியவாதிகளோடு சேர்ந்துகொண்டு, 1922-இல் 'துருக்கிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை' ஒன்றைத் தொடங்கினார். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் துருக்கியர்கள் என்பது அவர் வாதம். பதிலாகக் கிடைத்தது என்ன? அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பரிமாற்றத்திலிருந்து விலக்கு. அவர் பேச்சை நம்பியிருந்த கரமான்லிகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

கெல்வெரி என்ற ஊர்க்காரர்கள் 1924-இல் கிளம்பியபோது தங்கள் ஊர்ப் புனிதரான நாசியான்சுஸ் கிரகோரியின் எலும்புகளையும் எடுத்துப்போனார்கள். கிரீஸின் வடக்கே கவாலா நகரத்தருகே குடியேறிய இடத்துக்கு நெயா கர்வாலி, அதாவது 'புதிய கர்வாலி' என்று பெயரிட்டார்கள். அங்கே கோயில் கட்டிப் புனிதரை வைத்தார்கள். பழைய ஊரில் அவர் பெயரிலிருந்த பெரிய கோயில் மசூதி ஆனது. இன்று நெயா கர்வாலிக்குப் போகிறவர்கள் வாங்கி வருவது அந்த ஊர் பாதாம் பலகாரத்தை, மேலே சர்க்கரைத் தூள் தூவிய 'குராபியே'வை. பெயரும் பக்குவமும் கப்படோக்கியாவிலிருந்து வந்தவை; பெயர் துருக்கிப் பெயர். மொழி இரண்டு தலைமுறையில் தேய்ந்துவிட்டது, பலகாரம் மட்டும் நிலைத்துவிட்டது.

தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்

ஏதென்ஸ் துறைமுகத்தில் இறங்கிய ஆர்த்தடாக்ஸ் மக்களுக்குக் கிடைத்த வரவேற்பு 'தாய்நாடு திரும்பியவர்கள்' என்று பேப்பரில் இருந்தது. தெருவில் கிடைத்த பெயர் வேறு: 'துர்க்கோஸ்போரி', துருக்கி வித்து. இன்னொரு பெயர், தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சமையலில் எதற்கெடுத்தாலும் தயிர் ஊற்றுகிறார்கள் என்ற ஏளனம் அதில் இருந்தது. இவர்கள் கிறிஸ்தவம் அசலா என்ற சந்தேகமும் இருந்தது. அந்தப் பக்கத்தில், கிரீட்டிலிருந்து வந்த முஸ்லிம்களுக்குத் துருக்கியில் கிடைத்த பட்டம் 'யாரிம் காவுர்', அரைக் காஃபிர். தாய்நாடு என்று அனுப்பப்பட்ட இடத்தில் இவர்கள் அந்நியர்கள்.

வடக்குக் கிரீஸின் மக்கெடோனியா வட்டாரத்தில், அலியாக்மோன் ஆற்றுப்படுகையில் கிரேக்கம் பேசிய முஸ்லிம்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு 'வல்லாஹாதெஸ்' என்று பெயர். பேச்சுக்குப் பேச்சு 'வல்லாஹி', ஆண்டவன் மேல் ஆணையாக என்பார்கள். அவர்களிடம் இருந்த முஸ்லிம் அடையாளத்தில் காதில் விழுகிற பகுதி அவ்வளவுதான் என்று அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர் அது. அவர்களும் துருக்கிக்குப் போனார்கள். கிரீஸின் சலோனிகா நகரில் 17-ஆம் நூற்றாண்டில் யூத மதத்திலிருந்து இஸ்லாத்துக்கு மாறியவர்களின் வழிவந்த 'தோன்மே'க்கள் இருந்தார்கள். தங்களுக்குள்ளேயே மணம் முடித்து, தனி வழிபாட்டை ரகசியமாகக் காத்து வந்தவர்கள். பதிவேட்டில் முஸ்லிம், ஆகவே அவர்களும் இஸ்தான்புல்லுக்கு. இவர்களிடம் கொஞ்சம் கழித்துத் திரும்பி வருவோம்.

வந்தவர்களைக் குடியமர்த்திய லட்சணமும் சொல்லத் தக்கது. பல இடங்களில் புகையிலை பயிரிட்டவர்களுக்கு ஆலிவ் தோப்பு, ஆலிவ் வளர்த்தவர்களுக்குப் புகையிலை நிலம். கிரீஸில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் அகதிகள் குடியமர்த்த ஆணையம் ஒன்று அமைந்தது. ஹென்றி மோர்கெந்தோ அதன் முதல் தலைவர். வெளிநாட்டுக் கடன் வாங்கி, வடக்கே சதுப்பு நிலங்களை வடித்து, நூற்றுக்கணக்கான கிராமங்களை எழுப்பினார்கள். அதற்குள் மலேரியாவும் டைஃபஸும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின.

இதற்குப் பிறகுதான் மொழி மேடையேறுகிறது. 1928-இல் இஸ்தான்புல் சட்டக் கல்லூரி மாணவர்கள் 'குடிமகனே, துருக்கி பேசு!' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். படகுகளிலும் திரையரங்குகளிலும் அறிவிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டன. குறி யூதர்கள், கிரேக்கர்கள், ஆர்மீனியர்கள்தான் என்றாலும், பேச்சில் கிரேக்கம் வழிந்த கிரீட் முஸ்லிமும் சந்தையில் வாயைத் திறக்கத் தயங்க வேண்டியதாயிற்று. முஸ்லிம் என்பதற்காகவே அழைத்துவரப்பட்டவர், கிரேக்கம் பேசியதற்காக முறைக்கப்பட்டார். கிரீஸில் 1936-இல் வந்த மெடாக்ஸாஸ் சர்வாதிகாரம் வடக்கில் ஸ்லாவிய மொழி பேசியவர்களை ஆர்த்தடாக்ஸ் என்றும் பாராமல் தண்டித்தது. பாட்டும் தப்பவில்லை. 1934-இல் துருக்கி வானொலியில் பழைய உஸ்மானிய இசைக்குத் தடை வந்தது, கீழைத்தேயத் தனம் என்று. சில ஆண்டுகளில் கிரேக்கத் தணிக்கையாளர்கள் 'அமானே' பாடல்களை நிறுத்தினார்கள், துருக்கித் தனம் என்று. ஒரே இழுவை, ஒரே ராகம். இரண்டு அரசுகளுக்கும் அது அடுத்த வீட்டுக் குப்பையாகத் தெரிந்தது.

விதிவிலக்கானவர்கள் பட்ட பாடு

ஒப்பந்தம் இரண்டு கூட்டங்களை விட்டுவைத்தது. இஸ்தான்புல்லில் 1918 அக்டோபர் 30-க்கு முன்பே குடியமர்ந்திருந்த கிரேக்கர்கள் இருக்கலாம். கிரீஸின் வடகிழக்கு மூலையான மேற்குத் திரேஸில் முஸ்லிம்கள் இருக்கலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரு லட்சம் சொச்சம். ஒன்று மற்றதற்குப் பிணை. 'உன் ஆட்களை நான் வைத்திருக்கிறேன், என் ஆட்களை நீ வைத்திருக்கிறாய்' என்பதுதான் எழுதாத வாசகம்.

'குடியமர்ந்த' என்ற ஒற்றைச் சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 1924 டிசம்பரில் ஆறாம் கான்ஸ்டன்டைன் இஸ்தான்புல்லின் ஆர்த்தடாக்ஸ் தலைமைகுருவாகத் தேர்வானார். அவர் அனத்தோலியாவில் பிறந்தவர். நகரத்துக்கு வந்து பதிவானது தாமதமாக என்றது துருக்கி. உலகெங்கும் உள்ள ஆர்த்தடாக்ஸ் சபைகளில் முதல் மரியாதைக்குரியவரை, 1925 ஜனவரி 30 அன்று, ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாளில், போலீஸ் ரயிலேற்றி எல்லைக்கு அனுப்பியது. 'குடியமர்ந்த' என்றால் என்ன பொருள் என்று ஹேக் நகரின் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் அடுத்த மாதம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. குரு திரும்பவில்லை.

இஸ்தான்புல் கிரேக்கர்களின் கதை ஒரே இறங்குமுகம். 1942-இல் சொத்து வரி வந்தது. வரி விதிக்க வைத்திருந்த பட்டியல்களில் முஸ்லிமுக்கு 'எம்', முஸ்லிம் அல்லாதவருக்கு 'ஜி', அந்நியருக்கு 'இ', தோன்மேவுக்கு 'டி'. ஆம், 1923-இல் முஸ்லிம் என்று கணக்கெழுதி அழைத்துவரப்பட்ட அதே சலோனிகாக்காரர்கள்தான். பத்தொன்பது ஆண்டில் அவர்களுக்கென்று தனி எழுத்து முளைத்துவிட்டது. முஸ்லிம்களைப்போல் இரு மடங்கு வரி. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. கட்ட முடியாதவர்கள் கிழக்கே ஆஷ்கலே உழைப்பு முகாமுக்கு. பிறகு 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் சைப்ரஸ் விவகாரத்தைச் சாக்கிட்டுக் கும்பல் புகுந்து கடைகளையும் கோயில்களையும் நொறுக்கியது. 1964-இல் கிரேக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த சுமார் 12,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். குடும்பங்களும் பின்னாலேயே போயின. துருக்கியின் இம்ப்ரோஸ் தீவில் கிரேக்கப் பள்ளிகள் அதே ஆண்டு மூடப்பட்டன. இன்றைய தலைமைகுரு பார்த்தலோமேயு அந்தத் தீவில் பிறந்தவர். ஒரு லட்சமாக இருந்த சமூகம் இன்று சில ஆயிரம்.

மேற்குத் திரேஸ் முஸ்லிம்கள் எண்ணிக்கையில் பிழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி.

ஏதென்ஸ் அவர்களை எப்போதும் 'முஸ்லிம் சிறுபான்மை' என்றே அழைக்கும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பது சட்ட வாதம். 'துருக்கியச் சிறுபான்மை' என்று ஒப்புக்கொண்டால் அங்காரா உரிமை கொண்டாடும் என்பது உள்ளூர அச்சம். ஆனால் பனிப்போர்க் காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1950-களில் கிரீஸும் துருக்கியும் நேட்டோ நண்பர்கள், பக்கத்தில் கம்யூனிஸ்ட் பல்கேரியா. அப்போது 1954-இல் அரசே உத்தரவு போட்டுப் பள்ளிப் பலகைகளில் 'முஸ்லிம்' என்பதை அழித்து 'துருக்கிய' என்று எழுதவைத்தது. சைப்ரஸில் உறவு கெட்டதும் பலகைகள் மறுபடி மாறின. க்ஸாந்தி நகரின் துருக்கியச் சங்கம், பெயரில் 'துருக்கிய' என்ற சொல் இருப்பதற்காகவே நீதிமன்றங்களால் கலைக்கப்பட்டது. 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. இன்னொரு பக்கம், குடியுரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு 'கிரேக்க வம்சாவளி அல்லாதவர்' நாட்டை விட்டு வெளியே போனால் குடியுரிமையைப் பறிக்க இடம்கொடுத்தது. 1998-இல் அது ரத்தாவதற்குள் பல்லாயிரம் பேர் குடியுரிமை இழந்தார்கள்.

இந்த 'முஸ்லிம்' என்ற ஒற்றைத் தொப்பிக்குள் மூன்று சமூகங்கள் இருக்கின்றன: துருக்கியர், ஜிப்சிகள் எனப்பட்ட ரோமாக்கள், பொமாக்குகள். பொமாக்குகள் ரோதோப்பி மலைக் கிராமத்தவர்கள். பேசுவது பல்கேரியத்துக்கு நெருக்கமான ஸ்லாவிய மொழி. அவர்களின் மலைக் கிராமங்கள் 1990-களின் நடுப்பகுதி வரை ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி. உள்ளே போகவும் வெளியே வரவும் அனுமதிச்சீட்டு வேண்டும். ஒரு பொமாக் குழந்தையின் நாளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அம்மாவோடு பொமாக். சிறுபான்மைப் பள்ளியில் பாதிப் பாடம் துருக்கியில், பாதி கிரேக்கத்தில். மதரஸாவில் அரபு ஓத வேண்டும். நான்கில், வீட்டில் பேசுவதைத் தவிர மற்ற மூன்றுக்கும் பாடப்புத்தகம் உண்டு. முஸ்லிம் என்ற ஒரே கட்டத்தில் போட்டதால் முஸ்லிம் பள்ளி; முஸ்லிம் பள்ளி என்றால் துருக்கி மொழி. துருக்கி அடையாளம் வளரக்கூடாது என்று கவலைப்பட்ட அரசு, பொமாக்குகளைத் துருக்கியராக்கும் இயந்திரத்தைத் தன் செலவிலேயே ஓட்டியது. பின்னர் விழித்துக்கொண்டு 'நீங்கள் பொமாக்குகள், துருக்கியர் அல்ல' என்று சொல்லத் தொடங்கியபோது, அதைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது.

பழைய மில்லத் முறை அங்கே இன்னொரு வடிவிலும் உயிரோடிருந்தது. மேற்குத் திரேஸ் முஸ்லிம்களின் குடும்ப, வாரிசு விவகாரங்கள் முஃப்தி என்ற மார்க்கத் தலைவரின் கீழ், ஷரியத்தின்படி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இப்படி ஓர் இடம் வேறில்லை. கொமோதினி நகரத்தில் ஒருவர் தன் சொத்து முழுவதையும் மனைவிக்கு எழுதி, கிரேக்கச் சட்டப்படி உயில் பதிவு செய்திருந்தார். அவர் 2008-இல் இறந்தபின் சகோதரிகள் வழக்குப் போட்டார்கள்: முஸ்லிமுக்கு ஷரியத்தானே பொருந்தும், உயில் செல்லாது என்று. கிரேக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. விதவை நான்கில் மூன்று பங்கை இழந்தார். அவர் ஸ்ட்ராஸ்பர்க் போனார். 2018 டிசம்பர் 19 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மையாக நடத்தப்பட வேண்டாம் என்று ஒருவர் தானாகத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் சிறுபான்மை உரிமையின் ஒரு பகுதி என்பதுதான் அதன் சாரம். அதற்குள் அதே ஆண்டுத் தொடக்கத்தில் கிரேக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே ஷரியத் என்று ஆக்கியிருந்தது. சிறுபான்மைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாகச் சமூகத்தை அரசிடமிருந்து காப்பதைப் பற்றியே பேசுகிறோம். இந்தப் பெண்மணி கேட்டது தன்னை அந்தக் கட்டத்திலிருந்து வெளியே விடச்சொல்லி.

முன்மாதிரி ஆன கதை

கர்ஸன் சொன்ன விலையை வேறு நாடுகளும் கொடுத்தன. பார்க்க ஒழுங்காகத் தெரிந்த எண்களால் இந்தப் பரிமாற்றம் 'வெற்றிபெற்ற மாதிரி' ஆகிவிட்டது. 1937-இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கச் சொன்ன பீல் ஆணையம் இதைத்தான் எடுத்துக்காட்டியது. 1940-இல் பாகிஸ்தான் கோரிக்கையை அலசி எழுதிய அம்பேத்கரும், பிரிவினை வந்தால் மக்கள் பரிமாற்றம் ஒன்றும் நடக்காத காரியமல்ல என்பதற்குத் துருக்கி, கிரீஸ், பல்கேரியா அனுபவத்தைச் சுட்டினார். அவர் கவலை, எல்லைக்கு அந்தப் பக்கம் சிக்கிக்கொள்ளும் சிறுபான்மையினரின் உயிர் பற்றியது. அந்தக் கவலை பொய்யில்லை என்று 1947 காட்டியது. ஆனாலும் முன்மாதிரியாகக் கொண்ட பரிமாற்றத்தின் உள்ளே எத்தனை கிரேக்கம் பேசும் முஸ்லிம்களும் துருக்கி பேசும் கிறிஸ்தவர்களும் நசுங்கினார்கள் என்பது கணக்கு அட்டவணைகளில் தெரியாது. ஏதென்ஸில் மெல்போ மெர்லியே 1930-இல் தொடங்கிய சின்ன ஆசியா ஆய்வு மையம் சுமார் ஐயாயிரம் அகதிகளின் வாய்மொழியைப் பதிவு செய்ததால்தான் அவர்கள் பேச்சு இன்று நமக்குக் கிடைக்கிறது.

அட்டையில் மதத்தைப் பதிவது என்ற பழக்கம் அவ்வளவு எளிதில் போகவில்லை. 2000-இல் கிரேக்க அரசு அடையாள அட்டையிலிருந்து மதக் கட்டத்தை நீக்கியபோது, பேராயர் கிறிஸ்தோதூலோஸ் தலைமையில் திருச்சபை தெருவில் இறங்கியது. முப்பது லட்சம் கையெழுத்துகள் திரட்டினார்கள். அரசு அசையவில்லை.

ஒப்பந்தத்தின் ஒரு விளைவை அதை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கருங்கடல் கரையில் டிரப்சோனுக்குக் கிழக்கே ஒஃப், சைக்காரா பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் சில ஊர்க்காரர்கள் எப்போதோ இஸ்லாத்துக்கு மாறியிருந்தார்கள். மாறியது மதம் மட்டும், கிரேக்கப் பேச்சை விடவில்லை. பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் 1923-இல் போனார்கள். இவர்கள் முஸ்லிம்கள், ஆகவே யாரும் தொடவில்லை. அந்த வட்டாரம் ஹோஜாக்களுக்கு, அதாவது மார்க்க ஆசிரியர்களுக்குப் பேர்போனது. 'ஒஃப்காரர்' என்றாலே மார்க்கம் படித்தவர் என்று துருக்கியில் சொல்லும் அளவுக்கு. அந்த ஹோஜாக்களின் வீட்டுப் பாட்டிகள் பேசிய மொழிக்குப் பெயர் ரோமேய்க்கா. ஏதென்ஸில் இன்று பேசப்படும் கிரேக்கம் எப்போதோ தொலைத்துவிட்ட வினையெச்ச வடிவம் ஒன்று அதில் இன்னும் புழங்குகிறது; பழங்கிரேக்கத்தில் இருந்த வடிவம் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் இயோன்னா சிதாரிதூ பல ஆண்டுகளாக அதை ஆராய்ந்து வருகிறார். ரோமேய்க்காவுக்கு எழுத்து வழக்கு இல்லை. துருக்கியில் அதைப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2024-இல் அவர் இணையத்தில் ஒரு தளம் தொடங்கினார். எந்த ஊரில் இருந்தாலும் பேசத் தெரிந்தவர்கள் தங்கள் குரலைப் பதிந்து அனுப்பலாம்.